வில்வித்தைச் சங்கத்தின் 2024–2025 ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வருகை தந்துள்ள 13 உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத 25 பேருக்கும் அழைப்பு முறைப்படி அனுப்பப்பட்டது என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன்.

ஆண்டில் நான்கு செயற்குழுக் கூட்டங்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டு மூன்று நடைபெற்றன. ஆடி மாதம் கொல்லிமலை வல்வில் ஓரி விழாவுக்கு ஆறு பேர் சென்று வந்தோம். குடியரசு நாளன்று கொடியேற்றி இனிப்பு வழங்கப்பட்டது.

சென்ற பேரவையில் ஒப்புதல் பெற்ற வில் செய்யும் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது, ஏனெனில் அதைப் பற்றி வெளியே பேசப்படுவது வேறாகவும் நடந்தது வேறாகவும் இருக்கிறது. நம் நாட்டு வில்வித்தைப் போட்டிகளின் இந்தியன் ரவுண்டு பிரிவில் 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் மூங்கில் வில்லைக் கொண்டே எய்கிறார்கள்; அந்த வில்லை விலைக்கு வாங்கி எய்யும் நாம் ஒரு முறையாவது கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதே என் முன்மொழிவு.

எந்த மரம் என்பதில் தொடங்கியது விவாதம். 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த நெடுவிற்கள் யூ என்ற ஊசியிலை மரத்தாலானவை என்பதால் நாமும் யூ மரமே தருவிக்க வேண்டும் என்றார் ஓர் உறுப்பினர். அவர் காட்டிய விலைக்கு நமக்கு நான்கு ஆண்டுக்கான மூங்கில் வரும். மலைமேல் வில்லுக்கு ஆகும் சடச்சி மரம் இருக்கிறதே, இரவோடு இரவாக ஒன்றை வெட்டலாம் என்றார் இன்னொருவர். வனத்துறை வழக்கில் செயலாளர் பெயர்தான் முதலில் வரும் என்பதால் அதையும் மறுத்தேன். காட்டுக்கு வெளியே விளையும் மூங்கிலை 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் மரம் என்ற கணக்கிலிருந்து நீக்கிவிட்டதால், உறுப்பினர் ஒருவரின் தோட்டத்திலிருந்து மூன்றாண்டு முற்றிய கல் மூங்கிலைத் தை மாதத் தேய்பிறையில் வெட்டி, உளுக்காதிருக்க மூன்று வாரம் தொட்டி நீரில் ஊறவைத்து, பிளந்து, என் வீட்டு மாட்டுக்கொட்டகைப் பரணில் நிழலிலேயே நான்கு மாதம் உலர்த்தினோம்.

இந்த நான்கு மாதக் காத்திருப்புதான் பலருக்குப் பொறுக்கவில்லை. செயலாளர் அடுப்பெரிக்கவே மூங்கில் சேர்க்கிறார் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதப்பட்டதை நானும் படித்தேன். அப்படி எழுதியவரே பச்சை மூங்கிலில் இரண்டே நாளில் ஒரு வில் செய்தார். பத்தாம் நாள் நாணைக் கழற்றிய பிறகும் அது அரிவாள் போல வளைந்தே கிடந்தது. அதன் பின் குழுவில் அவர் எதுவும் எழுதவில்லை.

பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். சொல்லிக் கொடுத்தது எளிது: 64 அங்குல நீளம், 28 அங்குல இழுப்பு, 30 பவுண்டு விசைக்கு மேல் ஆசைப்படக் கூடாது. வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம் விரிகிறது, எய்பவரைப் பார்க்கும் பக்கம் நசுங்குகிறது. மூங்கிலின் வலுவான நார்கள் தோலை ஒட்டியே அடர்ந்திருப்பதால் தோல் இலக்கை நோக்கி இருக்க வேண்டும், செதுக்குவதெல்லாம் உட்பக்கத்தில் மட்டுமே. சுவரில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டு, அதன் முன் வில்லைப் பொருத்தி, கயிற்றால் சிறிது சிறிதாக இழுத்து, எந்த இடம் வளையாமல் விறைத்து நிற்கிறதோ அங்கே மட்டும் கண்ணாடிச் சில்லால் நான்கு முறை சுரண்ட வேண்டும். பிறகு முப்பது முறை இழுத்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு வில்லுக்கு மூன்று நான்கு ஞாயிறுகள் ஆகும். மரல் என்ற செடியின் நாரில் இரண்டு நாண்கள் திரித்துப் பார்த்தோம். திரித்தவர்கள் புதியவர்கள் ஆதலால் இரண்டும் அறுந்தன, பாலியஸ்டர் நூலுக்கே திரும்பினோம்.

ஆயுத பூசையன்று முறிந்த வில்லைப் பற்றி. "செயலாளரின் வில் முறிந்தது" என்று இன்றும் சொல்லப்படுகிறது. அது நான் முடித்துக் கொடுத்த வில்தான். ஆனால் பூசைக்கு முதல் நாள், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஓர் உறுப்பினர் தோல் பக்கத்துக் கணுக்களை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தியிருக்கிறார். 24 அங்குலம் இழுத்தபோது பிடியிலிருந்து மூன்றாவது கணுவில் அது வெடித்து, மேல்துண்டு பந்தற்காலில் போய் மோதியது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. அந்தத் துண்டு இதோ மேசைமேல் இருக்கிறது. அரம் பட்ட இடத்தில் நார்கள் அறுபட்டிருப்பதையும், முறிவு அங்கிருந்தே கிளம்பியிருப்பதையும் விரல் வைத்துப் பார்த்தாலே தெரியும். ஐயமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம்.

முறிந்தது போக ஐந்து விற்கள் எய்யும் நிலையில் உள்ளன. எட்டு பாதியில் நிற்கின்றன. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதரின் 1.82 மீட்டர் வில்லும் முடிக்கப்படாததே என்று ஒருவர் எனக்கு நினைவூட்டினார். அந்த மனிதரின் தோளில் அம்புமுனை தைத்திருந்தது. நம்மவர்களுக்கு அப்படியொரு காரணம் இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுவாகக் கூறினால், வரவுக்குள் செலவு பெரும்பாலும் அடங்கியது. அடங்காததைச் செயலாளர் தற்காலிகமாக ஏற்றிருக்கிறார். 38 உறுப்பினர்களில் சந்தா செலுத்தியவர்கள் 17 பேர். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை, பட்டியல் என் சட்டைப்பையில் இருக்கிறது. சங்கத்தின் இரண்டு மர அரங்களும் ஓர் இழைப்புளியும் கார்த்திகை முதல் காணவில்லை. எடுத்தவர் சொல்லாமலே திருப்பி வைத்தாலும் போதும்.

மூங்கில் தந்த உறுப்பினருக்கும், உளிகளைக் கூலியின்றித் தீட்டித் தந்த தச்சருக்கும், ஞாயிறுதோறும் தேநீர் கொடுத்த என் வீட்டாருக்கும், ஆலோசனை மட்டும் வழங்கியவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கான பொறுப்பைப் பற்றி எனக்கு எந்த விருப்பமும் இல்லை. பேரவை யாரைத் தேர்ந்தெடுத்தாலும் ஒத்துழைப்பேன். கடந்த தையில் வெட்டிய 40 மூங்கில் பிளவுகள் இப்போது பரணில் உலர்ந்துகொண்டிருக்கின்றன, ஆனியில் கைவைக்கலாம். சந்தா பாக்கி இல்லாதவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். புதிய செயலாளர் வருவதானால், டெம்போ ஒன்று அமர்த்தி அவற்றை ஆடிக்குள் எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். பசு கன்று ஈனும் மாதம் அது, கொட்டகையில் வைக்கோல் ஏற்ற இடம் வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்