எல்லாரும் கெளம்புறாங்க, கார்த்தி மட்டும் வர்றேங்கிறான்

பட்டாயா, தாய்லாந்து
2026 ஜனவரி, ஞாயித்துக்கெழம ராத்திரி

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல நீ எழுதி போட்டோ புடிச்சு அனுப்புன லெட்டர் கெடச்சுச்சு. மூணு பக்கத்துல ரெண்டு பக்கம் திட்டுதான். தீபாவளிக்கு அப்புறம் ஒழுங்கா பேசவே இல்ல, வாட்ஸ்அப்ல கட்டவெரல மட்டும் போட்டு விடுறான்னு அம்மா சொல்லுச்சாம்ல. என்ன பண்றது, கடைய மூடி அடுப்பு மேடை கழுவிவிட்டு ரூமுக்கு வர்றப்ப இங்க ஒரு மணி ஆயிருது, நம்ம ஊருக்கு பதினொன்றரை, அந்நேரத்துல போன் அடிச்சா யாருக்கு என்னாச்சோன்னு அப்பத்தா எந்திரிச்சு உக்காந்துக்கும். இன்னைக்கு லீவு. நான் கேக்கல, அவங்களா குடுத்தாங்க, இப்ப கடையில கூட்டம் கொஞ்சம் கம்மி அதான். வேற ஒண்ணும் இல்ல.

அம்மாவுக்கு இத சத்தமா வாசிச்சுக் காட்டு. பின்னாடி சித்தப்பா பையன் கார்த்தி இங்க வேலைக்கு வர்றேங்கிற மேட்டர் வருது, அத சித்தப்பா வீட்டுக்கு நேர்ல போயி வாசி, போன்ல சொல்லாத.

சாப்பாடு எப்படின்னு அம்மா கேட்டுருக்கு. நான் சமையக்காரன், எனக்கென்ன சாப்பாட்டுக்குக் கொற. ஆனா நாள் பூரா பட்டர் சிக்கனும் பனீரும் கிண்டிக்கிட்டு இருந்துட்டு அதையே திங்க மனசு வராது, அதனால பக்கத்து வண்டிக்கடையில சோத்துக்கு மேல துளசி மாரி ஒரு எலைய போட்டு பன்னிக்கறியோ கோழியோ வதக்கி முட்ட பொரிச்சு வச்சுத் தருவாங்க, கபாவ்னு பேரு, அததான் திங்கிறேன். (கோழி தான் வாங்குறேன்னு அம்மாட்ட சொல்லு.) மீன்சாஸ் வாட மொதல்ல கொமட்டுச்சு, இப்ப அது இல்லாட்டி எறங்க மாட்டேங்குது. குளிருன்னு இங்க ஒண்ணும் பெருசா இல்ல, விடியக்காலம் நம்ம ஊரு மார்கழி மாரி லேசா காத்தடிக்கும், அதுக்கே இந்த ஊரு ஆளுக ஜெர்கின் மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டுறாங்க, அந்தப் பக்கம் ரஷ்யாக்காரன் ஜட்டியோட கடல்ல கெடக்கான்.

அப்புறம் நம்ம துரை ஊரை விட்டுப் போறாரு. அதாங்க்கா, எதுத்த ரூம் வெள்ளக்காரத் தாத்தா, வீடியோ கால்ல அப்பத்தாவப் பாத்து சல்யூட் அடிச்சாருல்ல, அவரேதான். இருபது வருஷத்துக்குக் கிட்ட பட்டாயா பக்கத்துல இந்த ஜோம்தியன் பீச்சுலயே இருந்த மனுசன். போன வாரம் ரைஸ் குக்கர், டேபிள் ஃபேன், ரெண்டு தொட்டி, எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து என் கதவுக்கு முன்னாடி வச்சுட்டு எடுத்துக்கன்னாரு. எங்க தாத்தா போறீகன்னா பிலிப்பைன்ஸ், தூமாகெத்தேன்னு ஒரு கடலோர ஊரு. இந்த ஊர்லயே செத்து இங்கயே எரிச்சிரணும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச ஆளு அவரு, எனக்கு நம்பவே முடியல.

ஏன்னு கேட்டேன், அன்னைக்கு ராத்திரி பூரா ஒக்காந்து சொன்னாரு. அவரு வந்த புதுசுல ஒரு பவுண்டுக்கு இந்த ஊரு காசு 70 பாத் கிட்ட கெடச்சுச்சாம், இப்ப 42, 43. அது கூடப் பரவால்ல, இங்கிலாந்துல வருஷா வருஷம் பென்ஷன ஏத்துவாங்க, ஆனா தாய்லாந்துல வந்து குடியிருக்குறவங்களுக்கு ஏத்த மாட்டாங்க, மொத மொதல்ல என்ன தொக வாங்குனாங்களோ அதேதான் சாகுற வரைக்கும். பிலிப்பைன்ஸுக்குப் போயிட்டா இன்னைக்கு ரேட்டுக்கு ஏத்திக் குடுத்துருவாங்களாம், ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்காம். அப்ப ஒரே ஆளு, ஒரே பென்ஷன், ஒரு பிளேன் ஏறி எறங்குனா ஒசந்துருது. இத ஏன் முன்னாடியே செய்யலன்னா, இங்க புடிச்சிருந்துச்சுன்னு சொல்றாரு. இப்ப?

இப்ப என்னன்னா, ரிட்டயர் ஆனவங்களுக்குக் குடுக்குற விசாவுக்கு பேங்குல 8 லட்சம் பாத் போட்டு வச்சிருக்கணும், இல்லாட்டி மாசம் 65,000 பாத் வருமானம் காட்டணும். 90 நாளைக்கு ஒருக்கா இந்த அட்ரஸ்லதான் இருக்கேன்னு இமிகிரேஷனுக்குச் சொல்லணும். இருபது வருஷம் இருந்தாலும் 90 நாளைக்கு ஒருக்கா சொல்லணும். நெலம் வாங்க முடியாது, ஃபிளாட் வாங்கலாம் அதுவும் ஒரு பில்டிங்ல வெளிநாட்டுக்காரன் பங்கு 49 பர்சன்ட்ட தாண்டக்கூடாது. 2024 ஜனவரில இருந்து வரி வேற, வருஷத்துல 180 நாள் இங்க இருக்குறவங்க வெளிநாட்டு வருமானத்த இங்க கொண்டாந்தா கணக்குல வரும்னு மாத்திட்டாங்க, தனக்கு அது வருமா வராதான்னு துரை கேக்காத ஆள் இல்ல, ஆளுக்கு ஒரு பதிலு. எழுவது தாண்டுன மனுசனுக்கு ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம். இன்சூரன்ஸ்காரனும் இந்த வயசுக்கு மேல சேக்க மாட்டேங்கிறான், சேத்தாலும் கட்டி மாளாது, ஒரு தடவ நெஞ்சு வலின்னு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனதுல கையில இருந்தது பூரா போச்சு.

ஆனா அக்கா, நான் பாத்த வரைக்கும் அவருக்கு காசு கூட ரெண்டாவதுதான். இங்க காட்டுக்கோ அருவிக்கோ போனா உள்ளூர் ஆளுக்கு ஒரு ரேட்டு வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு ரேட்டு. காவோ யாய்னு பெரிய காடு இருக்கு, அவங்களுக்கு 40 பாத், நமக்கு 400. அதுலயும் சில எடத்துல அவங்க ரேட்ட தாய்லாந்து எண்ணுல எழுதிருப்பாங்க, நமக்கு அது நம்பர்னே தெரியாது. நம்ம தாஜ்மகால்லயும் அப்படித்தான தாத்தான்னு கேட்டேன், அது சுத்திப் பாக்க வர்றவனுக்கு, நான் குடியிருக்கேனேன்னாரு. கூட வாழ்ந்த தாய்லாந்து அம்மா செத்தப்ப அந்தக் கிராமமே இவர புள்ளையாட்டம் பாத்துக்கிட்டாங்களாம், மனுசங்கள குத்தமே சொல்ல மாட்டாரு. கவுன்டர்ல நிக்கிறப்பதான் வருத்தம். எனக்கு அது புரியுது. இங்க வந்து சட்டையில்லாம பைக் ஓட்டுறது, குடிச்சுட்டு சண்ட போடுறதுன்னு வெள்ளக்காரனுகளும் ஆடுற ஆட்டம் கொஞ்சமில்லங்கிறது வேற கத. நம்ம ஆளுகளும்தான், அத எழுதுனா அம்மாவுக்குக் கேக்க நல்லா இருக்காது.

டூரிஸ்டு கூட்டமும் முன்ன மாரி இல்ல. 2019ல நாலு கோடிக்குக் கொஞ்சம் கம்மியா வந்தாங்க, போன வருஷம் 3 கோடியே 30 லட்சம் பக்கத்துல நின்னுபோச்சு, 2024 விட கம்மி. பெரிய ஓட்ட சைனாக்காரங்க, 2019ல ஒரு கோடிக்கு மேல வந்தவங்க போன வருஷம் அதுல பாதி கூட இல்ல. காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல. மார்ச்சுல நெலநடுக்கம் வந்து பாங்காக்ல கட்டிக்கிட்டு இருந்த கவர்மென்ட் பில்டிங் அப்படியே சரிஞ்சுச்சு, ஜூலைலயும் டிசம்பர்லயும் கம்போடியா பார்டர்ல குண்டு, நவம்பர்ல தெக்க ஹாட்யாய் பக்கம் வெள்ளம், வடக்க சியாங் மாய்ல வருஷா வருஷம் பிப்ரவரில இருந்து வயக்காட்டக் கொளுத்தி கண்ணே தெரியாத பொக. பாத் வேற ஏறிக்கிட்டே போகுது, அதே காசுக்கு வியட்நாம்ல டானாங், ஃபூ குவோக்னு புது ஓட்டலு புது பீச்சு. ஜப்பான்ல யென் விழுந்து கெடக்கு, காசுள்ளவன் அங்க போறான். இந்தக் கூத்துக்கு நடுவுல மதியம் 2 டு 5 சரக்கு விக்கக் கூடாதுன்னு 1972ல போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு, நவம்பர்ல திடீர்னு குடிக்கிறவனுக்கும் 10,000 பாத் ஃபைன்னு சொல்லி பீச்சுல உக்காந்துருந்த கெழவனெல்லாம் பீர் கிளாஸ மறைச்சு வைக்கிற மாரி ஆயிப்போச்சு, அப்புறம் டிசம்பர்ல அவங்களே எறங்கி வந்து ஆறு மாசத்துக்கு அந்த மூணு மணி நேரத்தயும் தொறந்து விட்டுட்டாங்க. நல்ல நாள்லயே கூட்டத்தக் காணோம், இதுல இது வேற.

இந்தியாக்காரங்கதான் கூடுறாங்க, வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல. அப்ப உனக்கு யாவாரம் தூள் பறக்கணுமேன்னு மச்சான் கேப்பாரு. மச்சான், குரூப் டூர்ல வர்றவங்க ஹோட்டல்லயே டூர் ஆளு ஏற்பாடு பண்ண சாப்பாட்ட சாப்புட்டு போயிருவாங்க, தனியா வர்றவன் பேக்ல தேப்லான்னு குஜராத்திச் சப்பாத்தியும் ஊறுகாயும் கொண்டு வந்துருப்பான். எங்க கடைக்கு சோறு போட்டது துரை மாரி உள்ளூருலயே தங்கிக் கெடந்த வெள்ளக்காரங்க, வாரத்துல நாலு நாள் வந்து மதராஸ் கறின்னு கேட்டு திம்பாங்க (மதராஸ்ல அப்படி ஒரு கறியே கெடையாது, அத வுடு). அவங்க ஒவ்வொருத்தரா கொறையுறாங்க. மொதலாளி இன்னொரு கடைய மூடிட்டாரு, அங்க இருந்த ரெண்டு பேரு இப்ப என் ரூம்ல. பேச்சுத் தொணைக்கு ஆச்சு.

ஒரு நல்லது, பாத் ஏறுனதால நான் அனுப்புற காசு நம்ம ஊர்ல கூடுதலா விழுகும். ஒரு பாத்துக்கு 2.80 ரூபாய்க்கும் மேல போகுது. அதனால கொஞ்சம் கொறச்சு அனுப்புனாலும் கொறஞ்ச மாரி தெரியாது பாரு.

போன வாரம் ராத்திரி சந்தையில ஒரு கெழவி கருப்பா சோறு மாரி வச்சுக்கிட்டு தேங்காப்பால் ஊத்தி வித்துக்கிட்டு இருந்துச்சு. வாங்கி வாயில வச்சா கவுனி அரிசி. நம்ம கவுனி அரிசியேதான் அக்கா, காரைக்குடி செட்டியார் வீட்டுக் கல்யாணத்துல அப்பாவோட பந்திக்கு வேலைக்குப் போறப்ப கடேசில அண்டா அடியில இருக்குறத வழிச்சு எனக்கும் உனக்கும் எலையில வச்சுக் குடுப்பாருல்ல, அதே ருசி. பர்மாவுக்குப் போன செட்டியாருக கொண்டாந்த அரிசின்னு அப்பா சொல்வாரு, இந்தப் பக்கத்து சரக்குதான அது, கெடைக்கிறதுல அதிசயம் இல்ல. ஆனா அந்த ரோட்டுல நின்னு எனக்கு தொண்ட அடச்சுக்கிச்சு, கெழவி காரமான்னு சைகையில கேக்குது, இனிப்புல என்ன காரம். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு இந்த வருஷமும் நான் இல்ல. அப்பா திதிக்கும் இல்ல. சிலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போயி ஒரு தேங்காய ஒடச்சுட்டு வரலாம்னு இருந்தேன், அங்க நம்ம ஆளுக கட்டுன கோயில்தான், இப்ப பாதிக்கு மேல தாய்லாந்து சனம் வரிசையில நிக்குது, பாங்காக் போயிட்டு வர்ற பஸ் செலவு பாத்து அடுத்த மாசம்னு விட்டுட்டேன். இத அம்மாட்ட வாசிக்காத.

இப்ப கார்த்தி.

டேட்டா என்ட்ரி வேலை, பாங்காக், மாசம் 80,000 ரூபா, டிக்கெட் அவங்களே போடுறாங்க, விசா கூட வேணாம்னு ஏஜென்ட் சொன்னான்னு எழுதிருக்க. விசா வேணாங்கிறது உண்மதான், 2024 ஜூலைல இருந்து நம்ம பாஸ்போர்ட்டுக்கு 60 நாள் சும்மா வரலாம், ஆனா அது சுத்திப் பாக்க வர்றவனுக்கு. வேலைக்கு வரணும்னா கம்பெனி முன்னாடியே பேப்பர் அனுப்பி அங்க எம்பசி மூலமா வேலைக்கான பி விசா வாங்கிட்டு வரணும், இங்க வந்து வொர்க் பெர்மிட் எடுக்கணும், ஒரு வெளிநாட்டுக்காரன வேலைக்கு வைக்க நாலு தாய்லாந்து ஆளுக்கு வேலை குடுத்துருக்கணும். கம்ப்யூட்டர்ல டைப் அடிக்க இவ்ளோ செலவு பண்ணி கார்த்திய எவன் கூப்புடுவான்?

நான் சொல்றேன் எங்க போவான்னு. ஏர்போர்ட்ல ஒரு கார் நிக்கும், பாங்காக்னு நெனச்சு ஏறுவான், 500 கிலோமீட்டர் ஓடி மே சோட்ல நிக்கும், அங்க ஒரு ஆறு, நம்ம வைகை அளவு கூட இல்ல, தாண்டுனா மியான்மர்ல மியாவடி. பாஸ்போர்ட்ட புடுங்கிட்டு, பொம்பள பேருல சாட் பண்ணி வெளிநாட்டுக்காரன ஏமாத்துற வேலை, செய்யலன்னா கரன்ட் ஷாக்கு. கத விடல. 2022 அக்டோபர்ல நம்ம தமிழ்நாட்டுப் பயலுக 13 பேர அங்க இருந்துதான மீட்டு மெட்ராஸுக்குக் கொண்டாந்தாங்க, டிவில வந்துச்சே. போன வருஷம் மார்ச்சுல மட்டும் 549 இந்தியாக்காரங்கள ஏர்ஃபோர்ஸ் பிளேன்ல ஏத்திட்டுப் போனாங்க. சைனாக்காரங்க அவ்வளவா வர்றதில்லன்னு மேல எழுதுனேன்ல, அதுக்கு இதுதான் பெரிய காரணம், போன வருஷம் ஜனவரில சைனா நடிகர் வாங் சிங் ஷூட்டிங்னு நம்பி வந்து அதே ஆத்த தாண்டிக் காணாமப் போனாரு, மூணு நாலு நாள்ல மீட்டாங்க, மொட்டையடிச்ச தலையோட அவரு போட்டோ வந்தோன்ன அந்த ஊரு சனம் டிக்கெட்ட கேன்சல் பண்ணிருச்சு. அவ்ளோ பெரிய நாட்டுக்காரன் பயந்து நிக்கிறான், நம்ம பய பெட்டி கட்டுறான்.

அதனால சித்தப்பாட்ட சொல்லு, காசு ஒத்த ரூபா குடுக்க வேணாம். பாஸ்போர்ட்ட ஏஜென்ட்கிட்ட ஏற்கெனவே குடுத்துருந்தா இன்னைக்கே திருப்பி வாங்கச் சொல்லு, மச்சானையும் கூட்டிட்டுப் போகச் சொல்லு, அவரு கொஞ்சம் சத்தம் போட்டு பேசுவாரு. மத்திய அரசோட இ-மைக்ரேட் சைட்ல பதிவு பண்ண ஏஜென்டுக லிஸ்ட் இருக்கு, அந்தாள் பேரு அதுல இருக்கான்னு உன் மகள பாக்கச் சொல்லு, அவளுக்குத் தெரியும். கார்த்தி கோவிச்சுக்குவான், நீ மட்டும் போயி சம்பாரிக்கிற என்னைய விட மாட்டேங்கிறன்னு. அவன என்கிட்ட பேசச் சொல்லு, மதியம் மூணு மணிக்கு மேல எப்ப வேணாலும், இப்ப அந்த நேரத்துல சும்மாதான் இருக்கேன்.

நக வட்டி 20ம் தேதிக்குள்ள கட்டணும்னு எனக்கு ஞாபகம் இருக்கு. இந்த மாசம் சம்பளம் கொஞ்சம் தள்ளி வரும், மொதலாளி ஊருக்குப் போயிருக்காரு. மச்சான்கிட்ட சொல்லி வட்டிய மட்டும் பெரட்டிக் கட்டிரு, அடுத்த மாசம் சேத்து அனுப்பிர்றேன். அம்மா மூட்டு வலி மாத்திரைய நிறுத்த வேணாம். போர் மோட்டாருக்கு காயில் கட்டுறவன் 4,000 கேக்குறான்னா அதிகம், தேவகோட்டையில விசாரி.

துரை குடுத்த ரைஸ் குக்கர் புதுசு மாரி இருக்கு, ஊருக்கு யாராச்சும் வந்தா குடுத்து விடுறேன்.

உன் தம்பி
செந்தில்