பாக்குமட்டை இயந்திரப் பழுதும் ‘வணிகப் பயன்பாடு’ என்ற தங்கள் பதிலும்: புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
வியாசர்பாடி, சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோயம்புத்தூர்.

பொருள்: ஐந்து அச்சு பாக்குமட்டைத் தட்டு இயந்திரம் உத்தரவாதக் காலத்தில் பழுதானது, பழுதுபார்க்க மறுக்கப்பட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வேலையில்லாத இளைஞர்களைத் தொழில்முனைவோராக்குவோம் என்று விளம்பரம் செய்து, பெரம்பூர் மண்டபம் ஒன்றில் தாங்கள் நடத்திய கூட்டத்துக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். இயந்திரவியலில் டிப்ளமோ முடித்துவிட்டு, மணலியிலும் எண்ணூரிலும் ஒப்பந்தத் தொழிலாளியாக நான்கு ஆண்டுகள் ஓட்டியவன். பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர் என்பதால், மாதச் சம்பளத்தை மட்டும் நம்பி இருக்க எங்கள் வீட்டில் யாருக்கும் துணிவில்லை. ஆகவே சொந்தத் தொழில் என்ற பேச்சு என்னை ஈர்த்தது உண்மைதான். ஆனாலும் கணக்குப் பார்த்த பிறகே இறங்கினேன்.

அந்தக் கணக்கைத் தாங்களும் அறிவீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் கீழ் என் திட்ட மதிப்பு 6,00,000 ரூபாய். பிற்படுத்தப்பட்ட வகுப்பினன் என்பதால் என் பங்கு 5 சதவீதம், அதாவது 30,000 ரூபாய். நகர்ப்புறத்துக்குரிய 25 சதவீத மானியமான 1,50,000 ரூபாய் என் கைக்கு வராமல் மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்புத்தொகையாக இருக்கும். இதற்கிடையில் தொழில் நின்றுபோனால் அந்த மானியமும் எனக்கில்லை. இயந்திரத்தின் விலையான 3,20,000 ரூபாயைத் தங்கள் விலைப்புள்ளியின் அடிப்படையில் வங்கி நேரடியாகத் தங்களுக்கே செலுத்திவிட்டது. தங்களுக்கு வரவேண்டிய பணம் முதல் நாளே வந்துவிட்டது. எனக்குத் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இயந்திரம் வந்து நான்காம் மாதம், ஆடி பிறக்க எட்டு நாள் இருக்கையில், ஆறு அங்குலக் கிண்ண அச்சின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி செயலிழந்தது. சூடு குறைந்தால் மட்டை படியாமல் காய்ந்ததும் விரிந்துகொள்ளும். சூடு மிஞ்சினால் கருகிவிடும். எனக்கு இரண்டும் மாறி மாறி நேர்ந்தன. அதோடு ஹைட்ராலிக் குழாய் இணைப்பில் எண்ணெய் கசிந்து, அழுத்திய தட்டுகளிலும் பட்டது. உணவு பரிமாறும் தட்டில் எண்ணெய்க் கறை இருந்தால் யார் வாங்குவார்கள்?

ஆடி மாதத்தில் எங்கள் பகுதியில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள் என்பதைத் தங்கள் விற்பனைப் பிரதிநிதியே கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளுக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், பாக்குமட்டைக் கிண்ணத்துக்குச் சந்தை தயாராக இருக்கிறது என்றும் அவர்தான் விளக்கினார். அவர் சொன்னதில் தவறில்லை. மூன்று கோயில்களிலிருந்து மொத்தம் 4,000 கிண்ணங்களுக்கு முன்பணம் வாங்கியிருந்தேன். மூன்றையும் திருப்பிக் கொடுத்தேன். இங்கே பாக்கு மரம் கிடையாது என்பதால் சேலம் பக்கத்திலிருந்து லாரி வாடகை கொடுத்து இறக்கிய மட்டையில் பாதி, அடுத்து வந்த மழையில் பூஞ்சை பிடித்து வீணாயிற்று.

தங்கள் துண்டறிக்கையில் 48 மணி நேரத்தில் பொறியாளர் வருவார் என்று அச்சிடப்பட்டுள்ளது. 11 முறை தொலைபேசியில் அழைத்தும், மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பியும் யாரும் வரவில்லை. இறுதியாக வந்த பதிலில், நான் வணிகப் பயன்பாட்டுக்காக இயந்திரம் வாங்கியவன், ஆகவே வாடிக்கையாளருக்குரிய ஓராண்டு உத்தரவாதம் பொருந்தாது, வழக்கு என்றாலும் கோயம்புத்தூரில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். (தட்டுகளைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னதை நான் அப்போதே நம்பவில்லை, அதுபற்றி இங்கே கேட்கவும் இல்லை.)

விற்கும்போது என்னைத் தொழில்முனைவோர் என்று அழைத்துச் சால்வை போட்டவர்கள், பழுது என்றதும் அதே சொல்லைக் காட்டிக் கதவைச் சாத்துவதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவுக்கான விளக்கம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே பொருள் வாங்கிப் பயன்படுத்துவதை ‘வணிக நோக்கம்’ என்பதில் சேர்ப்பதில்லை. இந்த இயந்திரத்தில் நானும் என் தாயாரும் மட்டுமே வேலை செய்கிறோம். கூலிக்கு ஆள் இல்லை. அதே சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது சென்னையிலேயே, வழக்குத் தொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாததால் அதற்குக் கட்டணமும் இல்லை.

ஆகவே, இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியையும் கசியும் இணைப்பையும் செலவின்றி மாற்றித் தரவேண்டும். மீண்டும் அதே பழுது வந்தால் கிண்ண அச்சு முழுவதையும் மாற்றித் தருவதாக எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். இயந்திரம் நின்ற இரண்டு மாதத் தவணையையும், வீணான மட்டையின் விலையான 18,500 ரூபாயையும் ஈடுசெய்ய வேண்டும். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

விலைப்பட்டியல், துண்டறிக்கை, தங்கள் பதில், கருகிய கிண்ணங்களின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். பொறியாளரை அனுப்பும்போது முதல் நாளே தெரிவிக்கவும். காலை பத்து மணி வரை எங்கள் தெருவில் தண்ணீர் லாரி நிற்கும், வேறு வண்டி உள்ளே வர இடமிருக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்