வானியல் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. வான்நோக்கு இரவுகள் ஆறில் இரண்டு மேகத்தால் நடக்கவில்லை. நூலகத்துக்கு ஓர் அலமாரி வாங்கினோம்.

கோள்களையும் நிலவுகளையும் அளவு விகிதப்படி சிறு மாதிரிகளாக வைத்து நாங்கள் செய்த கோள் பெட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். "சுவரில் ஒன்பது கோள் படம் இருக்கும்போது இந்தச் செலவு எதற்கு?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். அந்தப் படம் பழசாகிவிட்டது என்பதால்தான்.

பெட்டியில் 1000 கி.மீ. என்பது 1 மி.மீ. புதனும் வியாழனின் நிலவான கனிமீடும் இரண்டு மிளகு. கனிமீடின் விட்டம் 5268 கி.மீ., புதனின் விட்டம் 4879 கி.மீ. "பெரியது நிலவு, சிறியது கோளா?" என்று பிள்ளைகள் உடனே கேட்கிறார்கள். ஆமாம். எதைச் சுற்றுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

புளூட்டோ ஒரு கடுகு. பக்கத்தில், நெப்டியூனுக்கு அப்பால் சூரியனைச் சுற்றும் ஏரிஸ், இன்னொரு கடுகு. 2005இல் கண்டுபிடித்த ஏரிஸின் நிறை புளூட்டோவைவிடக் கால் பங்குக்கு மேல் அதிகம். ஒன்றைக் கோள் என்றால் மற்றதையும் சொல்ல வேண்டுமே! அதனால்தான் 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் சர்வதேச வானியல் ஒன்றியம் விதி வகுத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டிருக்க வேண்டும், தன் பாதையின் அக்கம்பக்கத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். நெப்டியூனுக்கு அப்பால் சிறு பனிப் பொருள்கள் சுற்றும் கைப்பர் பட்டைக் கூட்டத்துக்குள் ஓடும் புளூட்டோ மூன்றாவதில் தேறவில்லை; கோள் பட்டியலிலிருந்து விலகி, குறுங்கோள் என்ற தனி வகை ஆனது.

புளூட்டோவை அவமதித்துவிட்டோம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் மனம் வருந்தினார். ஐயா, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றும், பெட்டியில் கசகசா அளவில் வைத்திருக்கும் சீரிஸைப் பாருங்கள். 1801இல் இத்தாலிய வானியலாளர் பியாசி கண்ட அதை அரை நூற்றாண்டு கோள் என்றே எண்ணினார்கள். அருகில் அதுபோல் வரிசையாகக் கிடைத்ததும் சிறுகோள் என்றார்கள். 2006இல் அதுவே குறுங்கோளும் ஆனது. வானம் மாறவில்லை, நாம் கூடுதலாகப் பார்த்தோம்.

பெட்டி வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஏழு பேர், வந்தவர்கள் இரண்டு பேர். மற்ற மாலைகளில் தனியாகத்தான் ஒட்டினேன். சந்தாவும் பாதிப் பேருக்கு மேல் பாக்கி. நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் இங்கே சொல்கிறேன்.

வரவு செலவு ஏறக்குறையச் சரிக்குச் சரி; விவரம் பொருளாளரிடம் உள்ளது. மண்டபம் தந்தவர்களுக்கும் தேநீர் உபயதாரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பெட்டியைப் பள்ளிகளுக்கு எடுத்துப்போக வேண்டும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அப்புறம், சனி வளையம் ஒன்று கழன்றிருக்கிறது. பெட்டி என் வீட்டில்தான். மாலை ஆறு மணிக்கு மேல் யார் வந்தாலும் இருப்பேன்.