பரிந்துரையைப் படித்துவிட்டுக் கேளுங்கள்

அமெரிக்க செனட் நீதித்துறைக் குழு உறுப்பினர்களுக்கு,

நியூயார்க்கின் மாஜிஸ்திரேட் நீதிபதி சாரா நெட்பர்னைக் கூட்டாட்சி மாவட்ட நீதிபதியாக்க அதிபர் பைடன் செய்த நியமனத்தை 2024 ஜூலையில் 10-க்கு 11 என்ற வாக்கில் தோற்கடித்தீர்கள். பைடனின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஜான் ஓசாஃபும் எதிர்த்தார். திருநங்கைக் கைதி ஒருவரைப் பெண்கள் சிறைக்கு மாற்றலாம் என்று நெட்பர்ன் 2022-இல் எழுதியதுதான் உங்கள் குழுவின் நியமன விசாரணையில் பெரிதாக அடிபட்டது. அந்தக் கைதியின் குற்றங்கள் கொடியவை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றமும் அதில் உண்டு. எனவே கேள்வி எழுப்பியதில் தவறில்லை. கேட்ட விதத்தில்தான் கோளாறு.

மாவட்ட நீதிபதிக்கு உதவும் மாஜிஸ்திரேட் நீதிபதி இத்தகைய வழக்கில் எழுதுவது உத்தரவு அல்ல, பரிந்துரை. 14 நாட்களுக்குள் எந்தத் தரப்பும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபித்த பகுதியை மாவட்ட நீதிபதி புதிதாக ஆராய வேண்டும். இங்கும் மாவட்ட நீதிபதி லோர்னா ஸ்கோஃபீல்டு ஏற்ற பிறகே அது உத்தரவானது. விசாரணையைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

இனி சட்டம். கைதிக்குள்ள ஆபத்து தெரிந்தும் சிறை அதிகாரி கண்டுகொள்ளாவிட்டால் அது கொடூரத் தண்டனையைத் தடைசெய்யும் அரசியல் சாசனத்தின் 8-ஆம் திருத்தத்தை மீறும் என்று 1994-இல் ஃபார்மர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குத் தொடுத்தவர் ஆண்கள் சிறையில் இருந்த திருநங்கை. 2012-இன் சிறைப் பாலியல் வன்முறைத் தடுப்பு விதிகளோ, திருநங்கைக் கைதிக்கு எந்தச் சிறை என்பதை ஆளுக்கு ஆள் தனித்தனியாக முடிவெடுக்கவும், ஆண்டுக்கு இருமுறையாவது மறுபரிசீலிக்கவும், கைதியின் கருத்துக்கு மதிப்பளிக்கவும் சொல்கின்றன. அந்த இடம் நிர்வாகத்துக்கோ பாதுகாப்புக்கோ சிக்கல் தருமா என்று பார்க்கச் சொல்வதும் அதே விதிதான். பெண் கைதிகளைப் பற்றிய உங்கள் கவலைக்கு இடம் அங்கேயே இருக்கிறது.

ஆகவே, இத்தகைய பரிந்துரை எழுதிய நீதிபதி நியமன விசாரணைக்கு வரும்போது, "பெண் கைதிகளின் பாதுகாப்பு குறித்து அரசுத் தரப்பு என்ன சான்று தந்தது? எந்தப் பக்கத்தில் அதை எடைபோட்டீர்கள்?" என்று கேளுங்கள். மழுப்ப முடியாது, பக்கம் இருக்கிறது, அல்லது இல்லை. மாறாக, "பாலினத்தைத் தீர்மானிப்பது எது?" என்று கேட்டால், நிலுவையிலுள்ள வழக்குகள் பற்றிப் பேசக்கூடாது என்ற நடத்தை விதியைச் சொல்லி அவர் ஒதுங்குவார். உங்களுக்கு ஒரு வீடியோ துணுக்கு மிஞ்சும், அவ்வளவே.

நியமித்த கட்சியை வைத்து முடிவைக் கணிப்பதும் பலிக்காது. அதிபர் டிரம்பின் 2025 ஜனவரி நிர்வாக ஆணையின்படி திருநங்கைகளை ஆண்கள் சிறைக்கு மாற்றுவதை அடுத்த மாதமே தற்காலிகமாகத் தடுத்த மாவட்ட நீதிபதி ராய்ஸ் லாம்பர்த், டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் ரீகன் நியமித்தவர்.

அடுத்த முறை பரிந்துரை, ஆட்சேபம், இறுதி உத்தரவு மூன்றையும் விசாரணைக்கு முன்பே உறுப்பினர்களின் கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் கேள்வி கேட்கக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் முடியாததை எழுத்துக் கேள்வியாக அனுப்புங்கள், பக்க எண்ணோடு.

இப்படிக்கு,
சிறை வழக்குகளைத் தொடர்ந்து படித்துவருவோர்