இடது காதின் பின்புறம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பலமுறை பார்த்துவிட்டேன். வலது பக்கத்தில் காதின் முன்னால் ஓடும் தையல் கோடு தேடினால்தான் தெரிகிறது. அது நன்றாக ஆறியிருக்கிறது. இடது பக்கத்தில், காது மடலும் தலையும் சேரும் மடிப்பிலிருந்து பின்தலை முடி தொடங்கும் இடம் வரைக்கும், சிவந்த கயிறு ஒன்றைப் பதித்துவைத்தாற்போலத் தோல் தடித்துக் கிடப்பதையும் பார்த்தேன். மூன்று மாதங்களாகக் காணொளியில் நீ ஏன் கூந்தலை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டே பேசினாய் என்பது இப்போதுதான் புரிகிறது. தொய்ந்த முகத்தோலைத் தூக்கித் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவையை என்னிடம் சொல்லாமல் செய்துகொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை. 54 வயதில் உன் முகத்தைப் பற்றி முடிவெடுக்க உனக்கு எவருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் அந்தத் தடிப்பை வெட்டி எடுத்துவிட வரும் மாதம் வேறொரு மருத்துவரிடம் நாள் வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறாயே, அந்த நாளைத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

உன் கடிதம் முழுக்க நீ உன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறாய். பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் 31 ஆண்டுகள் காயங்களுக்குக் கட்டுப்போட்டவள் சொல்கிறேன், கேள். இந்த அறுவையில், நெற்றிப்பொட்டருகே தொடங்கும் கீறல் காதின் முன்புறம் இறங்கி, கீழ்மடலைச் சுற்றி, பின்மடிப்பில் ஏறி, பின்தலை முடிக்குள் போய் முடிகிறது. கன்னத்துத் தோலை அடித்தளத்திலிருந்து பிரித்துத் தூக்கும்போது, அடியிலிருந்து மேலே வரும் சிறு ரத்தக்குழாய்கள் அறுபட்டுவிடுவதால், கன்னத்தின் நடுவிலிருந்து தோலின் வழியாகவே பக்கவாட்டில் வரும் ரத்தத்தை நம்பித்தான் அந்தத் தோல் பிழைக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் காயும். காதின் பின்புறம்தான் அந்தக் கடைமடை. ரத்தம் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது, தோலும் அங்கே மிக மெல்லியது.

அறுவை முடிந்த இரவு நீ வாந்தியெடுத்தபோது ரத்த அழுத்தம் ஏறி, இடது பக்கம் மட்டும் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வலியும் வீக்கமும் ஏறிக்கொண்டே போனால், அதை ரத்தக்கட்டு என்றே எடுத்துக்கொண்டு தாமதிக்காமல் பார்க்க வேண்டும். தேங்கிய ரத்தம் அடியிலிருந்து அழுத்தி, மேல்தோலுக்குப் போகிற கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடும். நீ தொலைபேசியில் அழைத்தபோது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த மருத்துவமனையில் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. நாணய அளவுக்குத் தோல் கறுத்து இறந்தது அந்த இரவின் விளைவு. நீ ஒழுங்காகப் படுக்காததால் அல்ல. பொருக்கைப் பிய்க்காமல், களிம்பு தடவி ஈரம் காயாமல் வைத்து, அடியிலிருந்து ஆறவிட்டதும் சரியே. ஆனால் அது மூட ஆறு வாரம் ஆகியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் மூடாத காயம் தடித்த தழும்பாகத்தான் பெரும்பாலும் முடியும் என்பதைத் தீக்காயப் பிள்ளைகளிடம் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

அறுவைக்கு முன் உனக்குப் புகைப்பழக்கம் உண்டா என்று மூன்று முறை கேட்டார்கள் என்று வியந்திருந்தாய். நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ரீஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டவர்களுள் புகைப்பவர்களுக்குத் தோல் இறந்துபோகும் வாய்ப்பு 12 மடங்குக்கும் அதிகம் என்று கண்டார்கள். கேட்டுக் கேட்டு உறுதிசெய்வது அதனால்தான். அதற்கு நீ இல்லை என்று சொன்னது உண்மை. தழும்பு தடிக்கும் இயல்பு உனக்கோ குடும்பத்திலோ உண்டா என்ற கேள்விக்கும் இல்லை என்றே குறித்திருக்கிறாய். அது உண்மை அல்ல, மகளே.

எட்டாம் வகுப்பு விடுமுறையில் தோழிகளோடு போய் மேல்காது குத்திக்கொண்டு வந்தாய். நான்கு மாதத்தில் அந்த இடத்தில் சுண்டைக்காய் அளவுக்குக் கட்டி எழும்பியது. குத்திய துளையைத் தாண்டி மடலின் பின்பக்கமும் பரவியது. அது கெலாய்டு. மாதம் ஒரு ஊசியாக ஆறு முறை போட்ட பிறகே அமுங்கியது. உன் இடது தோளில் பி.சி.ஜி. ஊசி போட்ட இடமும் இன்றுவரை பளபளப்பாகத் தடித்துத்தான் இருக்கிறது. உன் ஆச்சிக்கும் அப்படியே. பாம்படம் போட்டுத் தோளில் தொங்கிய காதை வயதான காலத்தில் வெட்டித் தைத்துக்கொண்டபோது, ஒரு காது ஆறியது, மற்றொன்றில் புளியங்கொட்டை போலச் சதை வளர்ந்து கடைசிவரை இருந்தது.

இதை நீ மறந்துவிடவில்லை என்று எனக்குத் தெரியும். உன்னைப் பெண் பார்க்க வந்த நாளில், அந்தக் காது தெரியாதபடி கூந்தலை இறக்கிச் சடை பின்னிவிட்டவள் நான். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். நோயும் அல்லாத, குறையும் அல்லாத ஒன்றை மறைக்கக் கற்றுக்கொடுத்தது என் தவறு. அந்தத் தாளில் நீ குறித்த பதிலில் பாதி என்னுடையது.

இப்போது இருப்பது வெறும் தடித்த தழும்பா, கெலாய்டா என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம் அமையும். முதலாவது, காயத்தின் எல்லைக்குள்ளேயே நின்று, ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தானாகவே தணியக்கூடியது. கெலாய்டு எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் நகரும், தானாக அடங்காது, வெட்டி மட்டும் எடுத்தால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரவும் கூடும். கறுத்த தோல்காரர்களான நமக்கு அது வரும் வாய்ப்பும் கூடுதல். படத்தில் தடிப்பு இன்னும் கோட்டுக்குள்தான் இருக்கிறது. அது எனக்கு ஆறுதல். உன் உடம்பின் பழைய கதை தெரியாத ஒருவர் 14-ஆம் வாரத்தில் அங்கே மறுபடியும் கத்தி வைப்பதுதான் பயமாக இருக்கிறது.

காத்திருக்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. காயம் மூடிவிட்டது என்பதால் ஆறிவிட்டது என்று பொருள் இல்லை. தோலுக்கு வலு தரும் புரதமான கொலாஜனை உடம்பு அவசரமாக இழைத்துவைத்திருக்கும், அந்த இழைகளை மாதக்கணக்கில் பிரித்துப் பிரித்து ஒழுங்குசெய்துகொண்டிருக்கும். மூன்றாம் வாரத்தில் பழைய தோலின் வலுவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, மூன்று மாதம் சென்று 80 சதவீதம் வரை ஏறும், அதற்கு மேல் எப்போதும் ஏறாது. தவிர, இப்போதுதான் இழுத்துத் தைத்த தோலில் மேலும் கொஞ்சத்தை வெட்டினால், மிச்சத்தை இன்னும் இறுக்கித்தான் தைக்க முடியும், அந்த இறுக்கமே தழும்பை அகலமாக்கும். தோலுக்கு அடியிலுள்ள தசைப்படலத்தை மிட்ஸ், பெய்ரோனி என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் 1976-இல் விவரித்த பிறகு, இழுவையை அந்தப் படலத்தில் கொடுத்துத் தோலைத் தளர்வாகத் தைக்கும் முறை பரவியது. உனக்கு எப்படிச் செய்தார்கள் என்று அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்கு. காதின் கீழ்மடல் கீழே இழுபடாமல் இருப்பதைப் பார்த்தால், தோலை அளவுக்கு மீறி இழுக்கவில்லை என்றே தோன்றுகிறது.

அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. தோல் நோய் மருத்துவரிடம் போய், எட்டாம் வகுப்புக் கதையை முதலில் சொல்லிவிட்டு, தடிப்பை அமுக்கும் ஸ்டீராய்டு மருந்தான டிரையாம்சினலோன் ஊசியைப் பற்றிக் கேள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தடிப்புக்குள்ளேயே போடுவார்கள். வலிக்கும், அளவு கூடினால் தோல் மெலிந்து வெளுக்கும், சிறிது காலம் சர்க்கரையும் ஏறலாம், ஆகவே உன் எல்லைக்கோட்டுச் சர்க்கரையையும் மறைக்காதே. தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கோன் ஷீட்டை நாளொன்றுக்கு 12 மணி நேரமாவது ஒட்டிவை. இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். டொரண்டோவில் பனி கொட்டினாலும் வெயில் பட்டால் தழும்பு கறுக்கும், பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்ந்து தாக்கும், ஆதலால் சன்ஸ்கிரீனை விடாதே. அரித்தால் சொறியாதே. எலுமிச்சைச் சாறு, வெங்காயச் சாறு, வைட்டமின் இ எண்ணெய் என்று எவர் எதைச் சொன்னாலும் அங்கே தடவாதே. ஒவ்வாமை வந்து புண்ணானால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஓராண்டு கழித்தும் வெட்டத்தான் வேண்டும் என்றால் வெட்டலாம். ஆனால் அதோடு ஊசியோ, ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சோ சேர்த்துத் திட்டமிடுகிற மருத்துவராக இருக்க வேண்டும்.

பேனாவால் கோட்டின் இரு முனைகளிலும் புள்ளி வைத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலைப் பிடித்து, மாதம் ஒரு படம் ஒரே வெளிச்சத்தில் எடுத்து எனக்கு அனுப்பு. புள்ளியைத் தாண்டுகிறதா என்று நானும் பார்த்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு உட்கார். இடது பக்கத்தைக் காட்டியபடியே பேசு.

அன்புடன்,
அம்மா