கற்பூரவல்லி என்று விற்பதெல்லாம் கற்பூரவல்லி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை தொடங்கியதும் நம் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் சாலையோர நாற்றுக் கடைகளில் கற்பூரவல்லி கேட்டு ஆள் வருவது கூடிவிடும். பிள்ளைக்குச் சளி, வீட்டில் ஒரு செடி நிற்கட்டும் என்று வாங்கிப் போகிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்கப்படுவது பல நேரம் வேறு செடி. நம் கல்குளம், விளவங்கோடு பக்கம் பனிக்கூர்க்கை என்றும் மற்ற இடங்களில் ஓமவல்லி, கற்பூரவல்லி என்றும் சொல்லுகிற அந்த மூலிகைக்குப் பதிலாக, சின்னச் சின்ன உருண்டை இலையும் வெல்வெட் போன்ற தொடுகையும் உள்ள 'விக்ஸ் செடி' ஒன்று அதே பெயரில் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் மணக்கும், அதனால் வாங்குகிறவருக்குச் சந்தேகமே வருவதில்லை. வாசனைக்கு அதை வளர்ப்பதில் தவறில்லை, பிள்ளைக்குச் சாறு பிழிந்து கொடுக்கிற இடத்தில்தான் எனக்குப் பயம்.

அடையாளம் பார்ப்பது கஷ்டமில்லை. கற்பூரவல்லி இலை உள்ளங்கையில் பாதியளவாவது வரும், தடிப்பாக இருக்கும், மடக்கினால் 'டப்'பென்று ஒடிந்து நீர் கசியும். ஓரம் வளைவு வளைவாக வெட்டிவிட்டது போல இருக்கும், இரண்டு பக்கமும் மெல்லிய ரோமம். துளசி, தும்பை, புதினா குடும்பம் என்பதால் இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக வரும், ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த ஜோடி தெற்கு வடக்காக நிற்கும். இளந்தண்டை விரலால் உருட்டினால் மழுங்கின நான்கு மூலை தட்டுப்படும். ஆனால் இந்த எதிரெதிர் இலையும் நான்கு மூலைத் தண்டும் 'விக்ஸ் செடி'க்கும் உண்டு, சிறுகிழங்குக் கொடிக்கும் உண்டு, ஆகவே கடைசித் தீர்ப்பு மூக்குக்குத்தான். கசக்கினால் ஓம வாசனை அடிக்க வேண்டும். ஓமத்திலும் இதிலும் தைமால், கார்வக்ரால் என்ற ஒரே வகை எண்ணெய்ப் பொருள்கள் இருப்பதால் வருகிற வாசனை அது. மூக்கில் குளிர்ச்சியாக ஏறுகிற தைல மணம் மட்டும் வந்தால் அது நீங்கள் தேடிய செடி இல்லை. இலை ஓரம் வெள்ளையாக உள்ள அலங்கார வகை ஒன்றும் கிடைக்கிறது, அது கற்பூரவல்லியின் இன்னொரு வடிவம்தான்.

உண்மையில் இதற்குக் காசு கொடுக்கவே வேண்டாம். நன்றாகத் தெரிந்த வீட்டில் ஒரு கம்பு கேளுங்கள். இந்தச் செடி பூப்பதே அபூர்வம், விதையை நம்பி யாரும் வளர்ப்பதில்லை, கம்பு ஒடித்து நட்டே ஊர் ஊராகப் பரவியது. நாலைந்து கணு உள்ள, சாண் நீளத்துக்குக் குறையாத தண்டாக எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளி, வெட்டுவாய் உலரும்வரை சில மணி நேரம் நிழலில் போட்டு, அப்புறம் நடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். செம்மண், மணல், மக்கின சாணம் கலந்த மண் போதும்.

நம் மாவட்டத்தில் இந்தச் செடியைக் கொல்வது வெயில் இல்லை, தண்ணீர்தான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்குப் பெய்கிறது, தண்டோ முழுக்க நீர், அடியில் தண்ணீர் தேங்கினால் ஒரு வாரத்தில் அழுகிச் சாயும். ஜூன் மாதம் தொட்டியைக் கூரை ஓரத்துக்கு நகர்த்துங்கள், ஓட்டுத் தண்ணீர் நேராக விழாத இடமாகப் பார்த்து. தரையில் நடுவதானால் மேட்டுப்பாத்தி. காலை வெயில் படுகிற தென்னை விளை நல்ல இடம். ரப்பர் நிழலில் வைத்தால் இலை சிறுத்து, செடி ஒல்லியாக நீண்டுபோகும். அடித்தண்டு முற்றி மரம்போல ஆனதும் நுனியை ஒடித்துப் புதிதாக நட்டுவிடுங்கள். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம், ஆனால் தெளித்த இலையை உடனே பறித்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இலையைத் தீயில் வாட்டிச் சாறு பிழிந்து தேனில் குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, அரிதாக என்றாலும் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் அதனால் வரும். பச்சைப் பிள்ளை வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ செடியைத் தேடி முற்றத்துக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பள்ளிகளில் மூலிகைத் தோட்டம் போடுகிறவர்கள், பலகை எழுதுமுன் கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரியிலோ ஒரு நல்ல சித்த வைத்தியரிடமோ செடியைக் காட்டிக் கேட்டுவிட்டால் நல்லது, பிள்ளைகள் அந்தப் பலகையைத்தான் நம்பி வீட்டில் வந்து சொல்லுகிறார்கள். உங்கள் நாளிதழும் இந்த இரண்டு செடிகளின் இலைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கலரில், ஒரு நாள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தக்கலை வாசகர் ஒருவர்