பூட்டிய கேட்டுக்கு ஒரு ‘வரையாடு போட்டோ டூர்’

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பிப்ரவரி மாத மூணாறு போட்டோ டூர் – கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

சென்ற பிப்ரவரி இரண்டாம் சனி, ஞாயிறு நடந்த உங்கள் போட்டோ டூருக்கு மதுரையிலிருந்து வந்தவர்களில் நானும் ஒருவன். ஆளுக்கு 9,800 ரூபாய். ‘இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாட்டுக் குட்டிகளை மிக அருகில் படம் பிடிக்கலாம்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். அதை நம்பி 150-600 லென்ஸ் ஒன்றை 2,400 ரூபாய் வாடகைக்கு எடுத்து வந்தேன்.

நள்ளிரவில் கிளம்பி, போடிமெட்டு ஏறி, காலை ஏழரைக்கு ராஜமலை ஐந்தாம் மைலில் இறங்கினோம். பூங்காவின் கேட் பூட்டியிருந்தது. “குட்டி போடுற சீசன் சார், ஏப்ரல்ல வாங்க” என்றார் காவலர். அவருக்கு இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகவில்லை. பணம் வாங்கும்போது உங்களுக்கு அந்த அரை நிமிடம் கிடைக்கவில்லை போலும்.

வரையாடு குட்டி ஈனும் காலம் என்று பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளத்தை மூடுவது வழக்கமாக நடப்பது. மூணாறு டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த விஷயம். எந்தக் குட்டிகளுக்காக மூடுகிறார்களோ, அதே குட்டிகளைக் காட்டி நீங்கள் டிக்கெட் விற்றிருக்கிறீர்கள். மூடியதில் எனக்கு வருத்தமில்லை. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் அந்த ஆட்டுக்கு வேறு காடு கிடையாது. பிறந்த குட்டியின் முன்னால் நாங்கள் பன்னிரண்டு பேர் லென்ஸை நீட்டாமல் இருந்ததே நல்லது.

அடுத்து நடந்ததுதான் பொறுக்கவில்லை. ஏமாற்றத்தைச் சரிக்கட்ட உங்கள் வழிகாட்டி எஸ்டேட் ரோட்டில் வேனை நிறுத்தி, குரங்குகளுக்கு பிஸ்கட்டை வீசினார். “குளோசப் எடுத்துக்கங்க சார்” என்று உபசாரம் வேறு. வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு குரங்கு, பிஸ்கட் போதாமல் பாக்கெட்டையே பிடுங்கி பிளாஸ்டிக் தாளைக் கடித்தது. இரண்டு நாளில் நான் எடுத்த உருப்படியான படம் அது ஒன்றுதான். இணைத்திருக்கிறேன். வேனில் எங்களுக்குக் கொடுத்த அதே பாக்கெட்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் கேட்டதற்கு ‘இயற்கைக் காரணங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்றார்கள். திடீர் மழை, மண்சரிவு என்றால் சரி, ஒப்புக்கொள்வேன். காலண்டரைப் பார்த்தாலே தெரியும் விஷயத்தில் இந்தச் சமாதானம் செல்லாது. அடுத்த டூருக்கு 1,500 ரூபாய் கூப்பன் தருவதாகவும் சொன்னார்கள். வேண்டாம்.

அறையும் சாப்பாடும் நன்றாகவே இருந்தன. அதற்கான 4,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதி 5,800 ரூபாயையும் லென்ஸ் வாடகை 2,400 ரூபாயையும், ஆக 8,200 ரூபாயை, 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ரசீதுகளும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் பத்திரமாக இருக்கின்றன.

அப்புறம், நேற்று பார்த்தபோது மார்ச் மாத டூருக்கும் முன்பதிவு நடந்துகொண்டிருந்தது. அதை முதலில் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
மதுரை வாடிக்கையாளர்

இணைப்பு: கட்டண ரசீது, லென்ஸ் வாடகை ரசீது, விளம்பரப் படம், குரங்கின் படம்